ஆயிரத்து ஒன்பதாவது விளக்கு

எங்கள் பெரியப்பாவுக்கு எதையும் சின்னதாகச் செய்ய வராது. நான்கு மாடுகள் நிற்க வேண்டிய கொட்டகையை நாற்பது மாடுகளுக்குக் கட்டிவிட்டு, மீதி இடத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தவர் அவர். ஆகவே, கடைசி ஆடி வெள்ளியன்று ஊர் அம்மன் கோயிலில் திருவிளக்கு பூஜை வைக்கலாம் என்று விழாக் குழுவில் பேச்சு வந்தபோது, தலைவரான பெரியப்பா நூற்றெட்டு விளக்கோடு நிறுத்திக்கொள்வார் என்று யாரும் நம்பவில்லை. “நூத்தியெட்டு பக்கத்து ஊர்லயே வெச்சிட்டானுங்க. நாம ஆயிரத்தெட்டு வெப்போம்” என்றார். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி உள்ளே போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர்ப் பெண்களை மொத்தமாகத் திரட்டினாலும் அதில் பாதிகூடத் தேறாது. அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பி டோக்கன் கொடுத்தார்கள்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கணக்கென்றால் பைத்தியம். பேருந்தில் ஏறினால் டிக்கெட்டில் இருக்கும் எண்ணை ஏழால் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பேன். வீட்டில் எல்லோரும் என்னைக் கணக்குப்புலி என்று கூப்பிடுவார்கள். அது பாராட்டா கிண்டலா என்று நான் விசாரித்ததில்லை, பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன்.

அந்தப் புலியைத்தான் பெரியப்பா கூப்பிட்டு, ஆயிரத்தெட்டுப் பேரைக் கோயில் மைதானத்தில் எப்படி உட்கார வைப்பது என்று கேட்டார். வீடியோ எடுப்பவர் தண்ணீர் டேங்க் மேல் ஏறி நின்று எடுக்கப் போகிறாராம். மேலேயிருந்து பார்த்தால் விளக்குகள் நூல் பிடித்த மாதிரி வரிசையாகத் தெரிய வேண்டுமாம். நான் மடமடவென்று சொன்னேன். இருபத்தொரு வரிசை வைத்து வரிசைக்கு நாற்பத்தெட்டு வைக்கலாம், இருபத்துநான்கு வைத்து நாற்பத்திரண்டு வைக்கலாம், இருபத்தெட்டு வைத்து முப்பத்தாறு வைக்கலாம். ஆயிரத்தெட்டு அவ்வளவு சாதுவான எண். எப்படி மடித்தாலும் மடியும், ஒன்றுகூட மிஞ்சாது. மைதானத்துக்கு இருபத்தெட்டுக்கு முப்பத்தாறு பொருந்தியது. புதன்கிழமை சாயங்காலம் நானும் அம்மாவும் கோலமாவு வாளியோடு போய், கயிறு கட்டிப் புள்ளி வைத்து முடித்தோம். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால்கூடப் புள்ளிகள்தான் தெரிந்தன.

மறுநாள் திண்டிவனத்திலிருந்து அத்தை வந்தாள். அத்தை அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. திண்டிவனத்தில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தாள். மாமா அதற்கு முந்தைய தை மாதம் இறந்துபோயிருந்தார். அதற்கு முன்பெல்லாம் அத்தை வந்தால் வாசலிலேயே சத்தம் கேட்கும். யாரையாவது கேலி செய்துகொண்டேதான் செருப்பைக் கழற்றுவாள். அந்தத் தடவை சத்தமில்லாமல் வந்து, பையிலிருந்து பழைய துண்டில் சுற்றிய ஒரு பித்தளைக் காமாட்சி விளக்கை எடுத்துக் கூடத்தில் வைத்தாள். கல்யாணமான புதிதில், முதல் கார்த்திகைக்கு மாமா வாங்கிக் கொடுத்த விளக்கு அது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் ஊர் அம்மனுக்கு ஒரு விளக்கு ஏற்றுவதாக அத்தை வேண்டிக்கொண்டிருந்தாளாம். மாமா பிழைக்கவில்லை. அப்புறம் என்ன வேண்டுதல் என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“கேட்டது கெடைக்கலன்னா, நான் சொன்னது இல்லன்னு ஆயிடுமா அண்ணி?” என்றாள் அத்தை.

பெரியப்பா வந்ததும் அத்தை எழுந்து நின்று, தனக்கும் ஒரு டோக்கன் வேண்டும் என்றாள். பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“ஆயிரத்தெட்டும் முடிஞ்சிபோச்சும்மா. அதுக்கு மேல ஒன்னு வெச்சா ஆயிரத்து ஒம்போது ஆயிடும். வரிசை கோணலாயிடும். வீடியோ வேற எடுக்கறாங்க.”

“சரிண்ணா” என்றாள் அத்தை. விளக்கைத் துண்டில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, அம்மாவுக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுக்கப் போய்விட்டாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. வெங்காயம் நறுக்கி முடிந்து வெகுநேரம் ஆகியும் அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

எனக்குப் பெரியப்பாமேல் கோபமே வரவில்லை. அவர் சொன்னது நியாயம்தானே என்று தோன்றியது. ஒன்று கூடினால் வரிசை கெடும் என்பது கணக்கு. கணக்கில் ஒரு சிக்கல் வந்தால் அதைக் கணக்காலேயே தீர்க்கலாம் என்று நான் நம்பினேன். ஆயிரத்து ஒன்பதுக்கும் ஒழுங்கான வரிசை ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் அத்தைக்கு டோக்கன் கிடைத்துவிடும், அவ்வளவுதானே.

கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வகுக்க ஆரம்பித்தேன். இரண்டால் வகுத்தேன், ஒன்று மிஞ்சியது. மூன்றால் வகுத்தேன், ஒன்று மிஞ்சியது. ஏழால் வகுத்தாலும் ஒன்று. அந்த ஒன்று அத்தை. பதினொன்றாலும் பதிமூன்றாலும் வகுத்தபோது எட்டு எட்டாக மிஞ்சியது. பத்தொன்பதில் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன், கடைசியில் இரண்டு பேர் வெளியே நின்றார்கள். இருபத்துமூன்று, இருபத்தொன்பது, முப்பத்தொன்று என்று போய்க்கொண்டே இருந்தேன். எதற்கும் அது மசியவில்லை. முப்பத்தொன்றோடு நிறுத்தியிருக்கலாம். முப்பத்திரண்டை முப்பத்திரண்டால் பெருக்கினாலே ஆயிரத்து ஒன்பதைத் தாண்டிவிடும். அதைவிட நீளமான வரிசை ஒன்று சரியாக அமையுமென்றால், அதற்குத் துணையாக ஒரு சின்ன எண்ணும் இருக்கும், அது ஏற்கெனவே அகப்பட்டிருக்கும். அந்த யுக்தி அப்போது எனக்குத் தெரியாது. பேனா மை தீரும் வரை வகுத்தேன்.

அந்த வாரம்தான் கணக்கு டீச்சர் பகா எண்களைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். வகுப்பில் ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று சின்னச் சின்ன எண்களாகப் பார்த்தபோது எனக்கு அவற்றைப் பிடித்திருந்தது. நான்கு இலக்கத்தில் ஒரு பகா எண் இப்படி வழிமறித்து நிற்கும் என்று நினைக்கவில்லை. ஆயிரத்து ஒன்பது பேரை ஒழுங்காக உட்கார வைக்க ஒரே வரிசையாகத்தான் வைக்க முடியும். அப்படி வைத்தால் கோயிலில் ஆரம்பிக்கிற வரிசை ஊரைத் தாண்டி வயலுக்குள் போய்விடும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். “அத்த, அது பகா எண் அத்த. எதாலயும் வகுக்க முடியல. அதனாலதான் ஒனக்கு எடமில்ல.”

அத்தை என்னைச் சிறிது நேரம் பார்த்தாள். மாமா போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே என் மூக்கைத் துடைத்துவிட்டாள். “இதுக்கா இவ்ளோ பேப்பர கிழிச்சிக்கினு ஒக்காந்திருந்த? போ, போய்ச் சாப்புடு” என்றாள்.

நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அன்றிரவு நல்ல மழை.

விடிந்ததும் பெரியப்பாவின் குரல் தெருமுனையிலிருந்தே கேட்டது. “பேஜாராப் போச்சுடா, எல்லாமே பேஜாராப் போச்சு.” ஓடிப்போய்ப் பார்த்தால், மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர். மேட்டுப் பக்கத்தில் புள்ளிகள் கலைந்திருந்தாலும் தரை காய்ந்துவிடும். பள்ளமான பக்கத்தில் ஒவ்வொரு வரிசையிலும் கடைசி எட்டுப் புள்ளிகள் இருந்த இடம் சேறும் சகதியுமாகக் கிடந்தது. அங்கே யாரும் உட்கார முடியாது. இருபத்தெட்டு வரிசையில் எட்டு எட்டாக, இருநூற்று இருபத்துநான்கு பேருக்கு இடம் போய்விட்டது. சாயங்காலம் பூஜை. குழுவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெரியப்பா யார் சொன்னதையும் கேட்காமல் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பூசாரிதான் கோயிலின் வடக்கு முற்றத்தைக் காட்டினார். கருங்கல் பாவிய சதுரமான இடம், தண்ணீர் நிற்காது. போதாதவர்களை அங்கே உட்கார வைக்கலாம் என்றார். வீட்டில் இருந்த எல்லோரும் வேலைக்கு வந்தார்கள். அத்தையும் வந்தாள். வேலை செய்வதற்கு ஆயிரத்தெட்டுக் கணக்கு தடையாக இல்லை. புள்ளிக்கோலத்தில் எங்கள் வீட்டில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கயிறே இல்லாமல் கண்ணளவிலேயே நேராகப் புள்ளி வைப்பாள். ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் கால் கழுவும் தொட்டி, இன்னொரு பக்கம் மடப்பள்ளி. எந்தப் பக்கம் வைத்தாலும் பதினைந்து புள்ளிதான் கொண்டது. பதினாறாவது வைத்தால் யாராவது தொட்டிக்குள்தான் உட்கார வேண்டும். அத்தை பதினைந்து வைத்தாள், அடுத்து பதினைந்து, அடுத்து பதினைந்து. நான் பின்னாலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மைதானத்தில் வைக்க வேண்டிய விளக்குகளில் இருநூற்று இருபத்துநான்கை அம்மாவும் மற்றவர்களும் கூடை கூடையாகக் கொண்டுவந்து புள்ளிக்கு ஒன்றாக வைத்தார்கள். விளக்கு, வாழையிலை, குங்குமம், பூ எல்லாம் குழுவே கொடுத்தது. வைத்துக்கொண்டே வந்து கடைசி வரிசையின் கடைசிப் புள்ளிக்கு வந்தபோது கூடை காலியாக இருந்தது. ஒரு விளக்கு தொலைந்துவிட்டது என்று அம்மா பதறினாள். எண்ணிப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. மறுபடியும் எண்ணினார்கள். அதே இருநூற்று இருபத்துநான்கு.

ஒத்திகைக்காக டேங்க் மேல் ஏறியிருந்த வீடியோக்காரர் அங்கேயிருந்து கத்தினார். “தலைவரே, அந்த மூலையில ஒன்னு காலியா கீதுங்க. மேலேர்ந்து பாத்தா பல்லு விழுந்த மாதிரி கீது.”

பூசாரி வந்து பார்த்து, அம்மனுக்கு எதிரில் இப்படிக் குறையாக விடக்கூடாது என்றார். பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அந்தக் காலிப் புள்ளியைப் பார்த்தேன். அதன்மேல்தான் அத்தை நின்றுகொண்டிருந்தாள், கையில் கோலமாவுக் கிண்ணத்தோடு.

என் தலைக்குள் ஏதோ ஓடி விழுந்தது. பதினைந்து பதினைந்து இருநூற்று இருபத்தைந்து. அந்தப் பக்கம் எட்டு போனால் முப்பத்தாறில் மிஞ்சுவது இருபத்தெட்டு. இருபத்தெட்டு வரிசையில் இருபத்தெட்டு. இரண்டையும் கூட்டினேன். கூட்டியது சரிதானா என்று மறுபடியும் கூட்டினேன். பிறகு ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன்.

“பெரியப்பா! அத்தையோட வெளக்க இங்க வெச்சா சரியாயிடும்! அங்க இருவத்தெட்டுக்கு இருவத்தெட்டு, இங்க பதினஞ்சுக்குப் பதினஞ்சு. ரெண்டுமே சதுரம். ஆயிரத்து ஒம்போது! கோணலே இல்ல பெரியப்பா!”

அத்தை சட்டென்று அந்தப் புள்ளியிலிருந்து விலகி நின்றாள். பெரியப்பா என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பூசாரியைப் பார்த்தார். பூசாரி வானத்தைப் பார்த்து, மழை இனி வராது போலிருக்கிறது என்றார். பெரியப்பா உதட்டை அசைத்துப் பதினைந்தைப் பதினைந்தால் பெருக்குவது எனக்குத் தெரிந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, துண்டுக்குள்ளிருந்தே பேசினார்.

“போம்மா. போய் வெளக்க எடுத்துக்கினு வா.”

அத்தை அசையவில்லை. அம்மாதான் அவள் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, அவளை வீட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். போகும்போது அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. அப்பா வீட்டு வாசலில் நின்றிருந்தார். விளக்கோடு அத்தை வெளியே வந்ததும், அவரே அதை வாங்கிச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தார். முந்தின நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாத பெரியப்பா அன்று மத்தியானம் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். மஞ்சளும் சிவப்புமாகப் புடவைகள், மல்லிகை வாசனை, எங்கே பார்த்தாலும் டோக்கனைத் தேடுகிற கைகள். அத்தை முற்றத்து மூலையில் தன் விளக்குக்கு முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த வெளியூர்ப் பெண்கள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். நான் மைதானத்துக்கும் முற்றத்துக்குமாக ஓடி வரிசைகளைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அடுத்த இடி இறங்கியது. ஓடையில் தண்ணீர் போனதால், ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வேன் பாதி வழியில் திரும்பிப் போய்விட்டதாம். என் சதுரங்களில் அங்கங்கே ஆளில்லாத விளக்குகள். பதினைந்தில் சில ஓட்டை, இருபத்தெட்டில் சில ஓட்டை. எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வைத்த விளக்குகள், ஏற்றத்தான் ஆளில்லை.

வைத்த விளக்கு ஒன்றுகூட ஏற்றாமல் இருக்கக்கூடாது, இருந்தால் பூஜை நிறையாது என்று பூசாரி கையைப் பிசைந்தார். பெரியப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கோ ஆத்திரமான ஆத்திரம். பூஜை நிறையாதது இருக்கட்டும், அவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்த ஆயிரத்து ஒன்பது கண் முன்னாலேயே குறைகிறதே.

தேர்க் கொட்டகைப் பக்கம் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் சிலர் நின்றிருந்தார்கள். நெற்றியில் திருநீறு மட்டும் பூசியவர்கள், தலையில் பூ வைக்காதவர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் கையில் டோக்கன் இல்லை என்பதுதான். அதில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயாவும் இருந்தாள். நான் கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

“நானா? வேணாம் பாப்பா. நான்லாம் ஏத்தக்கூடாது” என்றாள் ஆயா.

“டோக்கன் இல்லன்னா பரவால்ல ஆயா. எங்க பெரியப்பாதான் தலைவரு” என்றேன்.

ஆயா கையை உதறிக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை. இந்த இழுபறியை எல்லோரும் பார்த்தார்கள். முற்றத்து மூலையில் அத்தை எழுந்து நின்றாள். காலையில் புள்ளியிலிருந்து விலகி நின்றாளே, அந்த அத்தையாகத் தெரியவில்லை.

“வாக்கா. நான் ஒக்காந்துக்கினு இருக்கேன் பாரு” என்று அங்கேயிருந்து கூப்பிட்டாள்.

அடுத்ததாக மைக் கரகரத்தது. “கயித்துக்கு அந்தாண்ட நிக்கிற பொம்பளைங்க எல்லாரும் உள்ள வாங்க. எந்த வெளக்கு காலியா இருக்குதோ அங்க ஒக்காருங்க. ஜல்தி வாங்க, நேரமாவுது.” பெரியப்பாவின் குரல் பாதியில் உடைந்து மறுபடியும் சேர்ந்தது. குழுவின் செயலாளர் பக்கத்தில் போய் அவர் காதில் ஏதோ சொன்னார். மைக்கை மூட யாருக்கும் தோன்றாததால், “தலைவரே, அவங்கள்லாம் வந்து...” என்று அவர் இழுத்தது மைதானம் முழுக்கக் கேட்டது. பெரியப்பா சொன்ன பதிலும் கேட்டது.

“ஆயிரத்து ஒம்போது வரணுங்க. ஒன்னு கொறஞ்சாலும் சதுரம் கெட்டுப்போயிடும்.”

செயலாளர் தள்ளிப் போய் நின்றார். கணக்கென்று வந்த பிறகு என்ன பேசுவது? கயிற்றுக்கு வெளியே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒருவர் பின்னால் ஒருவராக உள்ளே வந்தார்கள். காலியான இடங்கள் நிறைந்த பிறகுதான் பூசாரி மணியடித்தார். விளக்குகள் ஏற ஏற, டேங்க் மேலேயிருந்து வீடியோக்காரர், “சூப்பரா வந்துகினு இருக்குதுங்க” என்று கத்தினார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

இப்போது விழுப்புரத்தில் கல்லூரியில் கணிதம்தான் படிக்கிறேன். எண் கோட்பாட்டு வகுப்பில் ஒருநாள் பேராசிரியர் ஒரு தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதினார். நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிற பகா எண் எதுவானாலும், அதை இரண்டு சதுரங்களாகப் பிரித்துவிடலாம், அதுவும் ஒரே ஒரு வழியில்தான். நான் நோட்டின் ஓரத்தில் ஆயிரத்து ஒன்பதை நான்கால் வகுத்துப் பார்த்தேன். ஒன்று மிஞ்சியது. இருபத்தெட்டும் பதினைந்தும் தவிர அதற்கு வேறு ஜோடியே கிடையாது. வகுப்பு முடியும்வரை காத்திருக்க முடியாமல் தவித்தேன். அந்த ஒரே வழியை எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது மழையும், சரியாக எட்டுப் புள்ளி அகலத்துக்கு இருந்த ஒரு பள்ளமும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்துக்குப் போய் அத்தையிடம் இதைச் சொன்னேன். இப்போது அவளே சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். தைத்துக்கொண்டே கேட்டாள். “அப்ப வேற வழியே இல்லன்ற?” என்றாள். இல்லை, ஒன்றுதான் என்றேன். “ஒன்னு இருந்துச்சில்ல, அப்புறம் என்னா?” என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவள் மேசைக்கு மேலே சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்தக் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அத்தைக்கு முதலில் டோக்கன் மறுக்கப்பட்டது ஆயிரத்து ஒன்பது பகா எண்ணாக இருந்ததால்தான் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் ஆரத்தி எடுக்கும் நேரத்துக்கு அத்தை தானாகவே நகர்ந்து தூண் பக்கம் போய் நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. புருஷன் இல்லாதவள் திருவிளக்கு ஏற்றக்கூடாது என்று கூடப் பிறந்த தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பெரியப்பாவுக்கு வாய் வரவில்லை. கையில் கிடைத்த எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அதை நான் நிஜமென்று நம்பிக் காலண்டர் தாள்களையெல்லாம் வகுத்துத் தீர்த்திருக்கிறேன். எண்ணே அவரைக் காட்டிக் கொடுத்தபோது, அவர் சந்தோஷமாக வெளியே வந்துவிட்டார் என்றுதான் அந்த மூன்று தடவை வாங்கிய சோற்றை நினைக்கும்போது தோன்றுகிறது. மைக்கில் அதே எண்ணை எதற்குப் பயன்படுத்தினார் என்பதை நினைத்தால் அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை.

ஆனால் அன்று சாயங்காலம் இது எதுவும் எனக்குத் தெரியாது. தீபாராதனை முடிந்ததும் நான் முற்றத்தில் வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன். எல்லாப் புள்ளியிலும் ஆள், எல்லா ஆளுக்கு முன்னாலும் சுடர். அத்தை கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு வரிசை முன்னால் சத்துணவு ஆயா குங்குமத்தை எடுத்து விளக்கின் அடியில் போட்டுக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் அடுப்பு முன்னால் நின்றாலும் கண் கலங்காத ஆயா, இந்தச் சின்னப் புகைக்குப் போய் இப்படி அழுகிறாளே என்று எனக்குப் பாவமாக இருந்தது. நான் குனிந்து, அவள் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத் தட்டைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.